தஸ்தகீரின் சாவி

ஐந்து நாளாக என் பேண்ட் பாக்கெட்டில் ஒரு சாவி இருந்தது. அது தஸ்தகீருடைய சாவி. தஸ்தகீர் ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், தொண்டையில் குழாயோடு படுத்திருந்தார். வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்தாகிவிட்டது. நெஞ்சில் நாலு எலும்பு நொறுங்கி, அதில் ஒன்று நுரையீரலைக் கிழித்திருந்தது. அவரை அப்படிப் படுக்க வைத்தவன் நான். இது எனக்கு மட்டும்தான் தெரியும், அந்தச் சாவிக்கும் தெரியும்.

எங்கள் கம்பெனியில் மெஷினுக்குள் இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கரண்ட்டை நிறுத்த வேண்டும். பிறகு அந்த சுவிட்சில் இறங்குகிற ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே மாட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு சிவப்புப் பூட்டு, அதில் தொங்கும் அட்டையில் அவனவன் போட்டோவும் பெயரும். வேலை முடிந்து மேலே வந்தபின் அவனவன் பூட்டை அவனவனே திறக்க வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் அடுத்தவன் பூட்டில் கை வைக்கக் கூடாது. கடைசியாகத் திறக்கிறவன், சுவிட்சைத் தொடும் முன், கூட இறங்கினவனை மூன்று தடவை சத்தமாகக் கூப்பிட வேண்டும். பதில் வரும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

நாங்கள் கூப்பிடுவது கன்னடத்தில். எங்கள் ஷெட்டின் முதல் ஃபிட்டர் ஆனேக்கல்காரர், அவர் தொடங்கி வைத்த பழக்கம். மெஷினுக்குக் கீழே இருக்கிற குழியின் வாயில் நின்று "பந்த்யா?" என்று கத்துவோம். வந்துட்டியா என்று அர்த்தம். உள்ளேயோ பக்கத்திலேயோ இருப்பவன் "பந்தே" என்று பதில் குரல் கொடுப்பான். என் வீட்டில் தெலுங்கு, தஸ்தகீர் வீட்டில் உருது, ரெண்டு பேருக்கும் பொதுவில் தமிழ். ஆனால் உயிர் போகிற இடத்தில் மட்டும் கன்னடம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதையெல்லாம் வகுப்பெடுத்தது யார் என்று கேட்டால், அடியேன் முனிராஜ்தான். வெட்கக்கேடு.

தஸ்தகீரும் நானும் பதினோரு வருஷம் ஜோடி. அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, எனக்கு முப்பத்தெட்டு. நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். எனக்கு ஒரு கெட்ட பழக்கம்: சாமானை உள்ளேயே மறந்து வைத்துவிட்டு வருவேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், என் சின்ன மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், என் பூட்டைத் திறந்த பிறகு டார்ச்சை விட்டுவிட்டேன் என்று மறுபடி குழிக்குள் இறங்கிவிட்டேன். தஸ்தகீர் பார்த்ததால் பிழைத்தேன். பார்க்காமல் பட்டனை அமுக்கியிருந்தால் என் மனைவி மாதேஸ்வரிக்கு என்னை மூட்டை கட்டித்தான் கொடுத்திருப்பார்கள்.

அன்றைக்கு அவர் ஒரு ஏற்பாடு செய்தார். "உன்னைய நம்ப முடியாது மாப்ள. உன் சாவி எங்கிட்ட இருக்கட்டும், என் சாவி உங்கிட்ட இருக்கட்டும். ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தாத்தான் பூட்டத் தொறக்கணும்."

சட்டப்படி தப்பு. ஆனால் சட்டத்தை விட நல்ல ஏற்பாடு என்று எங்களுக்குத் தோன்றியது. அவர் வீட்டுச் சாவியோடு என் பூட்டுச் சாவி கோத்திருக்கும். என் பைக் சாவியோடு அவருடையது. ஆறு வருஷம் அப்படித்தான் ஓடியது.

இதைக் கெடுத்தது என் வாய்.

கம்பெனி பஸ் கிருஷ்ணகிரியில் கிளம்பி வரும். தஸ்தகீர் பழையபேட்டையில் ஏறி, எனக்காகப் பக்கத்து சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்திருப்பார். நான் குருபரப்பள்ளியில் ஏறுவேன். ஓசூர் போய்ச் சேரும் வரை பஸ்ஸில் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேருக்குப் பொழுதுபோக்கு நான். விவாதம் என்றால் எனக்குச் சோறு வேண்டாம். காவிரியா, கிரிக்கெட்டா, மாம்பழ விலையா, எதில் இழுத்துவிட்டாலும் எதிராளி வாயை மூடும் வரை விட மாட்டேன். மணிகண்டன் என்று வெல்டிங் செக்‌ஷன் ஆள் ஒருத்தன் பின் சீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பான். அவனுக்குக் கைதட்ட ஒரு ஆள் வேண்டும், எனக்குக் கைதட்டல் வேண்டும்.

வடக்கே எங்கேயோ சுற்றுலா போனவர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. செத்தவர்களில் ஒருத்தன் என் வயசு. அவன் மனைவி அழுகிற வீடியோவை இரண்டு நாள் பார்த்தேன். கோபம் வந்தது, நியாயமான கோபம்தான், அதை இப்போதும் நான் மறுக்க மாட்டேன். பிறகு போனில் வரிசையாக விவாதங்கள் வந்து விழுந்தன. நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம். குர்ஆனில் இந்த வசனம் இருக்கிறதா இல்லையா, ஆம் இல்லை என்று மட்டும் சொல் என்று ஒருத்தர் மேசையைத் தட்டுவார். எனக்கு அந்தத் தோரணை பிடித்துவிட்டது. சுட்டவன் என் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தான். தஸ்தகீர் பக்கத்து சீட்டில் இருந்தார்.

ஒரு திங்கட்கிழமை போனைப் பார்த்துச் சத்தமாகப் படித்தேன். "அவர்களைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள்." படித்துவிட்டு, இது உங்க புஸ்தகத்துல இருக்குதா இல்லையா என்று கேட்டேன்.

தஸ்தகீர் சிரித்துக்கொண்டே, தனக்கு ஓத மட்டும்தான் தெரியும், அரபியில் அர்த்தம் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். பஸ்ஸே சிரித்தது. நாற்பது வருஷமாக என்ன படிக்கிறோம் என்றே தெரியாமல் படித்திருக்கிறார் என்று மணிகண்டன் சொன்னான். கெலவரப்பள்ளி பக்கத்து ஆள் ஒருத்தர், நம்ம கோயில்ல அய்யர் சொல்றது மட்டும் உனக்குப் புரியுதா என்று கேட்டார். பேச்சை மாத்தாதீங்க என்று அவரை அடக்கிவிட்டேன். அன்றைக்கு இறங்கும்போது எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

அவர் உண்மையாகவே விசாரித்தார். மறுநாள் வந்து, அது சண்டைக்கு வந்தவர்களோடு சண்டை போட்ட காலத்தில் வந்தது, முன் வரியில் வரம்பு மீறாதே என்றிருக்கிறது, பின் வரியில் அவர்கள் நிறுத்தினால் நீயும் நிறுத்து என்றிருக்கிறது என்று, பரீட்சைக்குப் படித்த பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன். அப்படியென்றால் இன்றைக்கும் அதைச் சொல்லித்தானே சுடுகிறான், அதற்கு என்ன பதில் என்றேன். அவர் அதையும் கேட்டுச் சொல்கிறேன் என்றார். தினமும் ஏறியதும் ஏறாததுமாக, "என்ன பாய், விசாரிச்சாச்சா?" என்று கேட்பேன். மாமா போய் பாய் ஆனது எந்தக் கிழமை என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு இருந்திருக்கும்.

இரண்டாவது வாரம் அவருக்கு அலுத்துவிட்டது. சூளகிரி தாண்டும்போது என் பக்கம் திரும்பி, சத்தம் போடாமல் கேட்டார். "முனிராஜு, நான் யாரக் கொன்னேன்?"

"இதுவரைக்கும் யாரையும் கொல்லல" என்றேன்.

பின் சீட்டில் மணிகண்டன் விசிலடித்தான். தஸ்தகீர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கினால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று, அதற்கு மேலே ஒன்றைச் செய்தேன். ஷெட்டுக்குப் போனதும் எல்லோர் முன்னாலும் கையை நீட்டினேன். "என் சாவியக் குடுங்க. என் உயிரு உங்க பாக்கெட்ல வேணாம்."

அவர் சாவிக்கொத்தை எடுத்தார். வளையம் இறுகிப்போயிருந்தது, நகத்தால் நெம்பி நெம்பி என் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். அவருடையதை நான் கழற்றப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நீயே வெச்சிக்க. உம்மேல எனக்கு அந்த பயம் இல்ல."

அதற்குப் பிறகு பதினோரு நாள் நான் அவரிடம் பேசவில்லை. பாய் என்றுகூடக் கூப்பிடவில்லை. வேலைக்கு எது வேண்டுமோ அதைக் கையால் காட்டுவேன். அவர் பஸ்ஸில் சாப்பாட்டுப் பையைப் பக்கத்து சீட்டில் வைப்பதை நிறுத்தவில்லை. நான் அதைத் தாண்டிப் போய் மணிகண்டனோடு உட்கார்ந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பெரிய பிரஸ்ஸுக்குக் கீழே கன்வேயர் செயின் அறுந்தது. வெட்டித் தள்ளுகிற தகட்டுத் துண்டுகளை வெளியே இழுத்துப் போகிற கன்வேயர் அது. ஆள் உயரக் குழிக்குள் ஓடும். ரெண்டு பேரும் பூட்டை மாட்டிவிட்டு இறங்கினோம். நாற்பது நிமிஷம் முதுகோடு முதுகு உரச வேலை செய்தோம், ஒரு வார்த்தை இல்லை. செயினை மாட்டியதும் நான் மேலே ஏறிவிட்டேன். அவர் பின்னாலேயே ஏணியில் ஏறுகிற சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு அவர் ஜும்மாவுக்குக் கிளம்பிவிடுவார், கம்பெனியிலேயே அதற்கு அனுமதி உண்டு. மேலே வந்து கையைக் கழுவப் போய்விட்டார், அப்படியே தொழுகைக்குப் போய்விடுவார் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் நவீன்குமார் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். ரெண்டு பேரும் வெளியே வந்தாச்சா என்று கேட்டான். ஆச்சு என்றேன். என் பூட்டைத் திறந்தேன். பக்கத்தில் தஸ்தகீர் பூட்டு தொங்கியது. அட்டையில் அவர் போட்டோ, பழைய போட்டோ, தாடி கறுப்பாக இருந்த காலத்தது. பூட்டைக்கூடத் திறக்காமல் தொழுகைக்கு ஓடிவிட்டார் பார் என்று எரிச்சலாக வந்தது. தன் சாவி என்னிடம் இருக்கும்போது அவர் எப்படித் திறப்பார் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. பைக் சாவியோடு இருந்த அவர் சாவியை எடுத்துத் திறந்தேன். சுவிட்சைப் போட்டேன்.

கூப்பிடவில்லை.

அவர் பாதி ஏணியில் திரும்ப இறங்கியிருக்கிறார். என் இருபத்துநாலாம் நம்பர் ஸ்பேனர் கன்வேயர் மேலேயே கிடந்திருக்கிறது. வழக்கம் போல நான் மறந்தது. அதை அப்படியே விட்டால் செயின் மறுபடி அறுந்துபோகும். கீழேயிருந்து வந்த சத்தத்தை நான் எழுத மாட்டேன். சுவிட்சை நிறுத்திவிட்டு நான்தான் முதலில் குதித்தேன். அவர் இடது கையில் அந்த ஸ்பேனர் இருந்தது. விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு நவீன்குமார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அவர் பூட்டு போட்டிருந்தாரா என்று கேட்டான். அதற்கு முன்பே அந்தப் பூட்டையும் சாவியையும் என் பாக்கெட்டில் போட்டிருந்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் கை தானாக எதையும் செய்யாது. தெரியல என்றேன்.

அந்த ஒரு வார்த்தை சாயந்திரத்துக்குள் வளர்ந்துவிட்டது. தொழுகை அவசரத்தில் தஸ்தகீர் பூட்டு போடாமல் இறங்கிவிட்டார் என்று முதல் ரிப்போர்ட்டில் எழுதினார்கள். பஸ் குரூப்பில் மணிகண்டன் போட்டான்: உயிரை விட அவங்களுக்கு மதம்தான் பெருசு, இதுலயே தெரியுது. அதற்குக் கீழே முப்பத்தேழு கட்டைவிரல். ஒருத்தன் வசனம் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டான். அதற்கு இன்னொருத்தன் விளக்கம் போட்டான். ஒரு மனுஷனின் கை வாளியில் கிடக்கும்போது விவாதம் ஜோராக நடந்தது. நான் ஒன்றும் எழுதவில்லை. பதினோரு வருஷ வாயாடிக்கு அன்றைக்கு வாய் இல்லை.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் என்னை நல்லவன் என்றார்கள். அவ்வளவு சண்டை போட்டாலும் கூடவே இருக்கிறானே என்று தஸ்தகீரின் சொந்தக்காரர் ஒருத்தர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்தேன். வீட்டில் மாதேஸ்வரி, ஏன் தூங்க மாட்டேங்கறீங்க என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளும் சுமக்க வேண்டும் என்பது சாக்கு. சொன்னால் அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும், அதுதான் பயம். வேலை போகும், கேஸ் வரும், பெரியவளுக்குப் பத்தாவது பரீட்சை. இதையெல்லாம் வரிசையாக எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடித்ததும் தொண்டைக் குழாய் ஞாபகம் வரும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

திங்கட்கிழமை நவீன்குமார் ஆஸ்பத்திரிக்கு வந்தான். புதன்கிழமை விசாரணை, தலைமை ஆபீஸிலிருந்து ரேவதி மேடம் வருகிறார் என்றான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. சுவிட்சில் தொங்கிய பூட்டை அவனும்தானே பார்த்திருப்பான்.

"அண்ணா, நீங்க என்ன பண்ணீங்கன்னு நான் கேக்கல" என்றான். "ஒண்ணு மட்டும் யோசிங்க. இது வேற மாதிரி வெளிய போச்சுன்னா, இந்துக்காரன் வேணும்னே பாய உள்ள வெச்சு ஓட்டிட்டான்னு ஒரு கும்பல் கெளம்பும். அவன் அப்படிச் சொன்னான்னு இன்னொரு கும்பல் கெளம்பும். ஊரு அமைதியா இருக்கறது உங்க வாயிலதான் இருக்குது."

அவன் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. என் கோழைத்தனத்துக்கு அவன் நல்ல சட்டை தைத்துக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். ஊருக்காக வாயை மூடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

செவ்வாய்க்கிழமை ஷம்ஷாத் அக்கா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தஸ்தகீரின் மனைவி. நாலு நாளாக அழுது ஓய்ந்து, கண் வறண்டுபோயிருந்தது. கம்பெனியில் அவர் பூட்டு போடவில்லை என்கிறார்களாமே என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"பாத்ரூம் கதவையே ரெண்டு தடவ இழுத்துப் பாக்கற ஆளு தம்பி அவரு. பூட்டுப் போடாம எறங்குவாரா? நீங்க கூடத்தான இருந்தீங்க?"

மடியிலிருந்த தஸ்தகீரின் சாப்பாட்டுப் பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். சாப்பிடாத டப்பாவுக்கு அடியில் இருந்ததாம், உங்க விஷயமா இருக்குது, எனக்கு இதைப் பாக்க முடியல, நீங்களே வெச்சிக்குங்க என்று கொடுத்தார். கம்பெனி செக்லிஸ்ட் தாளின் பின்பக்கம். தஸ்தகீரின் கோணல் எழுத்து.

'1. கண்ட இடத்தில் கொல்லுங்கள். இது சண்டைக்கு வந்தவனோடு மட்டும். முன் வரி பின் வரி சேர்த்துப் படிக்கணும். மாப்ளயிடம் சொல்லியாச்சு.

2. அப்ப இன்னைக்கும் அதச் சொல்லிச் சுடறவன்? பாதியப் படிக்கறான்னு ஹஜ்ரத் சொல்றார். எனக்கு இந்தப் பதில் போதல. வெள்ளிக்கிழமை மறுபடி கேக்கணும்.

3. மாப்ள என்னப் பாத்து பயப்படறான். இத யாருகிட்ட கேக்கறது.'

மூன்றாவதுக்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் கேட்காத கேள்வி அது. நான் ஜெயிப்பதற்காகக் கேட்டதையெல்லாம் இந்த மனுஷன் பதில் சொல்வதற்காக எழுதி வைத்திருக்கிறார். ஷம்ஷாத் அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதை வாங்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே, தரையைப் பார்த்தபடியே, ஸ்பேனரிலிருந்து சுவிட்ச் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பூட்டு போட்டார், நான் திறந்தேன், அவர் சாவியால் திறந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நிறுத்திவிட்டேன்.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் கையை மட்டும் நீட்டினார்.

"அவரு சாவியக் குடுங்க."

வளையம் இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினேன். நகம் பிளந்து ரத்தம் வந்தது. சாவியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"நீங்க சாவி கேட்ட அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறு திங்கல அவரு. என் உயிரு உங்க பாக்கெட்ல வேணாம்னு மாப்ள சொல்லிட்டான்னு சொன்னாரு. அதையேதான் நானும் சொல்றன் தம்பி. அவரு உயிரு உங்க பாக்கெட்ல வேணாம்."

எழுந்து போய் ஐ.சி.யூ. கதவுப் பக்கம் நின்றுகொண்டார்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் ஏறினேன். தஸ்தகீர் சீட் காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை, நின்றுகொண்டே போனேன். மணிகண்டன் இடம் போட்டு வைத்துக் கூப்பிட்டான், போகவில்லை.

விசாரணை அறையில் ரேவதி மேடம், நவீன்குமார், யூனியன் ஆள் ஒருத்தர். அவர்கள் கேட்கும் முன்பே சிவப்புப் பூட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். அட்டையில் தஸ்தகீர் கறுப்புத் தாடியோடு எல்லோரையும் பார்த்தார். நவீன்குமார் முகம் செத்துப்போனது. இவர் பூட்டு போட்டார், திறந்தது நான், நமாஸ் அவசரம் ஒன்றும் இல்லை, நான் மறந்த ஸ்பேனரை எடுக்கத்தான் திரும்ப இறங்கினார் என்றேன். சாவி மாற்றிக்கொண்டதையும் சொன்னேன். மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தார்.

"தொறக்கறதுக்கு முன்னாடி மூணு தடவ கூப்பிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"ஒரு தடவ?"

"இல்ல."

"கிளாஸ் எடுக்கறவரே நீங்கதான். ஏன் கூப்பிடல?"

"அவரக் கூப்பிடவே கூடாதுன்னு இருந்தேன். பதினோரு நாளா."

பேனா நின்றது. இதை எழுத வேண்டுமா, அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று போட்டுக்கொள்ளலாமா என்று மேடம் கேட்டார். இரக்கப்பட்டுத்தான் கேட்டார். மறக்கவில்லை, எழுதுங்கள் என்றேன். ஒருதடவை கூப்பிட்டிருந்தால் அவர் குரல் கொடுத்திருப்பார். அவரோடு ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்குமே என்று நான் பேசாமல் சுவிட்சைப் போட்டேன். எந்தப் புத்தகத்தின் எந்த வரியும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

சஸ்பெண்ட் செய்தார்கள். போலீஸ் கூப்பிடும் என்றார்கள். வெளியே வந்து பஸ் குரூப்பில் நடந்ததை நாலு வரியில் எழுதிப் போட்டேன். அண்ணா, உங்க போன யாராச்சும் எடுத்துட்டாங்களா என்று மணிகண்டன் கேட்டான். பத்து நிமிஷத்தில் என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டான். மத்தியானத்துக்குள் என் நாலு வரியில் ரெண்டு வரியை மட்டும் வெட்டி, முஸ்லிம் தொழிலாளியைக் கொல்லச் சதி என்று யாரோ எங்கேயோ போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே சண்டை தொடங்கியிருந்தது. நவீன்குமார் சொன்னது நடக்குமோ என்று பயந்தேன். முன் வரி பின் வரி சேர்த்துப் படியுங்கடா என்று கத்த வேண்டும் போல் இருந்தது. யாரிடம் கத்துவது?

மாதேஸ்வரிக்குப் போன் செய்து சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மணி நாலு. ஐ.சி.யூ.வுக்குள் ஒருத்தரைத்தான் விடுவார்கள், அதுவும் அஞ்சு நிமிஷம். ஷம்ஷாத் அக்கா உள்ளே இருந்தார். என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் சேலை முந்தானை நுனியில் அந்தச் சாவி முடிச்சுப் போட்டிருந்தது. நெஞ்சில் வயர்களோடு தஸ்தகீர் படுத்திருந்தார். மெஷின் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இந்த மெஷினை யாரும் அவசரப்பட்டு நிறுத்திவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது.

"மாமா" என்றேன். கண்ணாடியில் வாயை வைத்துச் சத்தமாகக் கூப்பிட்டேன்.

"மாமா, பந்த்யா?"

நர்ஸ் ஓடி வந்து, சத்தம் போடாதீங்க, வெளியே போங்க என்றார். இன்னும் ரெண்டு தடவை சிஸ்டர், அப்புறம் வாயைத் திறக்க மாட்டேன் என்று கும்பிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"பந்த்யா?"

ஷம்ஷாத் அக்கா குனிந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தஸ்தகீர் மாமா, பந்த்யா?"

மூன்று தடவை ஆயிற்று. பதில் வரும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று வகுப்பெடுத்தவன் நான். கண்ணாடிக்கு வெளியே நிற்கிறேன்.